பாட்டுப் பெட்டியோடு செட்டிநாட்டில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

எழும்பூரில் பல்லவன் ஏறியதிலிருந்து புதுக்கோட்டை தாண்டும் வரை ஒரே சண்டை. நானும் கோவைக்காரனும் கல்லூரி விடுதியில் ஒரே அறை, ஒரே டேப் ரிக்கார்டர், ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவின் கேசட்டில் நாடா சிக்கிக்கொண்டால் பென்சில் விட்டுச் சுற்றி மீட்டு எடுத்தவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் அவன் அந்தக் குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சனின் மேடைக் கச்சேரி வீடியோ ஒன்றை அனுப்பி, கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "இந்த மனுஷன் பாடுவதை நிறுத்திவிட வேண்டும்." அந்த வரி எனக்கு ஆறவே இல்லை. வீடியோவை நானும் பார்த்தேன். அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

தெரியாதவர்களுக்காக. இயன் ஆண்டர்சன் 1947-இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லினில் பிறந்தவர். ராக் இசையில் புல்லாங்குழலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர், ஒற்றைக் காலில் நின்று வாசிப்பாரே, அவர்தான். ஜெத்ரோ டல் குழுவின் பாட்டும் குழலும் எழுத்தும் அவருடையவை. 1971-இல் வந்த 'அக்வாலங்', 1972-இல் ஒரு தட்டு முழுக்க ஒரே பாட்டாக ஓடிய 'திக் ஆஸ் எ பிரிக்', இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று மேடையில் அந்தக் குரல் இல்லை.

காரைக்குடிக்காரன்தான் வழி சொன்னான். "ரெண்டு பேரும் எங்க ஊருக்கு வாங்க. ஒரு காலத்துல அம்பது பேர் இருந்த வீடு, இப்ப ஆச்சி ஒருத்திதான் இருக்கு. எவ்வளவு சத்தமா வேணாலும் போட்டுக் கேட்டுட்டு சண்டையை முடிச்சுக்குங்க." ஆச்சி என்றது அவன் அக்காவை. இங்கே மூத்த சகோதரியையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், பாட்டி என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். குழுவின் தட்டுகள் கூடாது. ஆண்டர்சன் தன் பெயரில் தனியாகக் கொண்டுவந்த ஆறு ஆல்பங்கள் மட்டும், வெளிவந்த வரிசையில், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை. 1980-இல் வந்த 'ஏ' என்ற ஆல்பத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே திருச்சி வந்துவிட்டது. அது தனி ஆல்பமாகத்தான் தொடங்கியது, கம்பெனி குழுவின் பெயரைப் போடச் சொல்லிவிட்டது என்பது அவன் கட்சி. உறையில் என்ன பெயரோ அதுதான் கணக்கு என்பது என் கட்சி. சேர்க்கவில்லை.

காரைக்குடியில் இறங்கும்போது பத்து மணிக்கு மேல். ஆச்சி தூங்காமல் காத்திருந்து இடியாப்பம் போட்டார்கள். இப்போதைக்கு இவ்வளவுதான்.

இரண்டாம் நாள், வெள்ளி

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பாட்டு கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. திண்ணை, முகப்பு, அதைத் தாண்டினால் வளவு. வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பத்தையும் இங்கே ஒரு புள்ளி என்று கணக்கு வைப்பார்கள். சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசியது, கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது, நடு வெயிலிலும் சில்லென்று இருக்கிறது.

அங்கே ஸ்பீக்கரை வைத்து 1983-இல் வந்த 'வாக் இன்டு லைட்' ஆல்பத்தைப் போட்டோம். கல்லிலும் வழவழப்பான சுவரிலும் பட்டு ஒலி திரும்பித் திரும்பி வந்து ஒரே கூழாகிவிட்டது. அந்த ஆல்பமோ பீட்டர்-ஜான் வெட்டீஸ் என்ற இளைஞரின் சிந்தசைசரும் தாள இயந்திரமுமாக நறுக்கு நறுக்கென்று போவது, அடிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒரு பாட்டு முடியும் முன்பே மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். காரைக்குடிக்காரன் மாடியில் ஒரு சின்ன அறையைத் திறந்துவிட்டான். மேலே பர்மாத் தேக்கு மச்சு, ஓரத்தில் கல்யாணத்துக்கு எடுக்கிற மெத்தைகளும் ஜமக்காளமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதிகப்படி எதிரொலியை எல்லாம் அந்த மெத்தைகள் வாங்கிக்கொண்டன. இனி மீதி நாளும் இங்கேதான் என்று முடிவாகிவிட்டது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். கேட்ட உடனே கோவைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். "பார், குரல் எப்படி நிக்குது பார்." உண்மைதான். முப்பத்தாறு வயதுக்காரரின் குரல், மேலே போகும்போது பிசிறே இல்லை. பாட்டுகள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, இயந்திரத்தின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை. ஆனால் குரலைக் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. அடுத்த வருடம், 1984-இல், குழுவின் பெயரில் 'அண்டர் ராப்ஸ்' வந்தது. அதில் டிரம்ஸ் வாசிப்பவரே கிடையாது, எல்லாம் இயந்திரம். பாட்டுகளை மிக உயரமான சுருதியில் எழுதிவிட்டார். ஸ்டுடியோவில் ஒரு வரியைப் பாடிவிட்டுத் தண்ணீர் குடித்து மறுபடி பாடலாம். மேடையில் இரவுக்கு இரவு முழு வாத்தியச் சத்தத்துக்கு மேலே அதைத் தூக்கிப் பாட வேண்டும். அந்தப் பயணத்தில் தொண்டை கெட்டது. பிறகு நீண்ட ஓய்வு. 1987-இல் 'க்ரெஸ்ட் ஆஃப் எ நேவ்' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது அது வேறு குரல். கீழே இறங்கி, பாதி பேச்சும் பாதிப் பாட்டுமாக. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் பாடகர் மார்க் நாஃப்ளர் மாதிரி இருக்கிறது என்று அப்போதே பேசினார்கள். அந்த ஆல்பத்துக்குத்தான் 1989-இல் ஹார்டு ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து வைத்த பிரிவில் கிராமி கொடுத்தார்கள், மெட்டாலிகா குழு வாங்கும் என்று எல்லோரும் காத்திருந்த விருது. அவருடைய உடைந்த குரலுக்குக் கிடைத்த விருது அது என்று நான் சொன்னதும் கோவைக்காரன் பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருந்தால் யோசிக்கிறான் என்று அர்த்தம்.

மதியம் சாப்பாடு. உப்புக்கறி, நண்டு ரசம், கூட்டு, தயிர். உப்புக்கறியில் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள், காரம் நாக்கில் இல்லை, காதில் ஏறியது. ஆண்டர்சனுக்கு மிளகாய் என்றால் உயிர் என்று ஆச்சியிடம் சொன்னேன். இந்தியச் சாப்பாட்டுக்கு ஒரு கையேடே எழுதிவைத்திருக்கிறார், ஒரு மிளகாய் வகையின் பெயரிலேயே ஒரு பாட்டும் போட்டிருக்கிறார். "அப்ப அவுகளக் கூட்டிட்டு வாங்க, நான் போடுறேன் சோறு" என்றார்கள். அதை ஆச்சி விளையாட்டாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆத்தங்குடி போய் டைல்ஸ் போடுவதைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்துச் சாயம் கலந்த சிமென்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள், மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் நாள், சனி

காலையில் பிள்ளையார்பட்டி. குடைவரைக்குள் இருக்கும் கற்பக விநாயகரைப் பார்க்க ஆச்சியும் வந்தார்கள். திரும்பும் வழியில் காரில் கோவைக்காரன் மறுபடி ஆரம்பித்தான், வீடியோவைப் போட்டே காட்டிவிட்டான். ஆச்சி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, முழுதும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: "இவுக ஏன் சுருதிய எறக்கிக்கல?"

ஆச்சி முறையாகப் பாட்டு கற்றவர்கள். முப்பது வயதில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடினார்களாம், இப்போது நாலரை. "வயசு ஆனா தொண்டை கனக்கும். தம்புராவை எறக்கிச் சேத்துக்கிட்டு பாடுறதுதான். சபையில யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக." கர்நாடக இசையில் இது எவ்வளவு இயல்பான விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் இரண்டு கட்டை தள்ளியும் பாடலாம், கீர்த்தனைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் இவருடைய பாட்டுகளுக்கு அது அவ்வளவு எளிதல்ல. பழைய பாட்டுகளின் கிட்டார் வரி ஒரு குறிப்பிட்ட தந்தியில், குறிப்பிட்ட இடத்தில் விரல் வைத்துப் பிறந்தது. அதை நகர்த்தினால் கனம் மாறிவிடும். குழலும் அப்படித்தான். நம் ஊர்க் குழல்காரர் சுருதி மாற வேண்டுமென்றால் பையிலிருந்து வேறொரு மூங்கிலை எடுப்பார். மேற்கத்தியக் குழல் ஒன்றுதான், சுருதி மாறினால் விரல் வைப்பு முழுக்க மாறும், சில சுருதியில் கை சரளமாக ஓடும், சிலவற்றில் தடுக்கும். இன்றைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டால் அவர் என்ன செய்கிறார் என்று தெரிகிறது. பழைய மெட்டு மேலே ஏறும் இடத்தில் இவர் மெட்டை வளைத்துக் கீழே கொண்டுவந்துவிடுகிறார். நம் காது பழைய இடத்தில் போய்க் காத்திருக்கிறது, அவர் அங்கே வருவதில்லை. கோவைக்காரனுக்கு வலிக்கிற இடம் அதுதான். ஆச்சி கேட்ட பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது.

பத்து மணிக்கு மாடி அறை. 1995-இல் வந்த 'டிவினிட்டீஸ்'. இதில் ஒரு சொல் கூடப் பாட்டு இல்லை. குழலும் ஆர்கெஸ்ட்ராவும் மட்டும், ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு தேசத்து வழிபாட்டின் சாயலில், நம் நாட்டின் பெயரிலும் ஒன்று இருக்கிறது. இதற்குச் சில வருடம் முன்னால் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த சம்பவம். அவர் மகள் பள்ளியில் குழல் கற்க ஆரம்பித்தபோது, தான் இருபது வருடத்துக்கு மேலாகப் பல சுரங்களுக்குத் தப்பாக விரல் வைத்து வாசித்து வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. யாரிடமும் கற்காமல் தானே பழகியதால் வந்த வினை. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பிறகு, நாற்பது வயதுக்கு மேல், உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து திரும்பக் கற்றுக்கொண்டார். 'டிவினிட்டீஸ்' அந்த விரல்கள் வாசித்தது. குரல் கைவிட்ட மனிதர் ஒரு ஆல்பம் முழுக்க வாயைத் திறக்காமல், குழலை மட்டும் நம்பி நின்றார் என்றுதான் நான் கேட்கிறேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் கோவைக்காரன். "குழல் பிழைச்சிருச்சு, குரல் போயிருச்சு. குழலை மட்டும் வாசிக்கட்டுமே."

இதற்குப் பதில் காரைக்குடிக்காரன் சொன்னான், இரண்டு நாளாக அதிகம் பேசாதவன். ஆண்டர்சன் குழல் ஊதும்போதே தொண்டையாலும் ஒலி எழுப்புவார், அமெரிக்க ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கிர்க்கின் வழியில் வந்தது அது, 1968-இல் குழுவின் முதல் ஆல்பத்திலேயே கிர்க்கின் மெட்டு ஒன்றை வாசித்திருக்கிறார். குழலுக்குள் கேட்கும் அந்தக் கரகரப்பு, உறுமல், நடுவில் தெறிக்கிற முணுமுணுப்பு எல்லாம் அவர் தொண்டைதான். "அப்ப குரல் எங்கடா போச்சு? உள்ள இருக்கு." நான் ஒரு பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். பாட்டில் போன வேகம் அந்த உறுமலில் போகவில்லை. அதற்கு உயரமான சுரம் தேவையில்லை, அதனால் வயது அதை இன்னும் முழுக்கத் தொடவில்லை.

ஆனால் மூச்சு? அதையும் பேசத்தான் வேண்டும். 2020-இல் அவரே ஒரு பேட்டியில், தனக்கு மூச்சுக்குழாயை அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். மேடையில் ஐம்பது வருடம் புகை இயந்திரங்களுக்கு நடுவே நின்றதையும் காரணமாகச் சொன்னார். குழல் நிறையக் காற்று கேட்கும் வாத்தியம், ஊதுகிற காற்றில் ஒரு பங்கு துளைக்குள் போகாமல் வெளியே போய்விடும். இந்த நோயோடு ஒரு கச்சேரி முழுக்கக் குழலும் பாட்டும் மாறி மாறிச் செய்வது என்றால் ஒவ்வொரு வரிக்கும் மூச்சைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். வீடியோவில் ஒரு வரியின் பாதியில் குரல் அறுந்து போகிறதே, அதை அலட்சியம் என்று கோவைக்காரன் சொல்லியிருந்தான். நான் அதை மட்டும் திரும்பப் பெறச் சொன்னேன். பெற்றான்.

மதியத்துக்கு மேல் 2000-இல் வந்த 'தி சீக்ரெட் லாங்குவேஜ் ஆஃப் பேர்ட்ஸ்'. இதற்காகத்தான் நான் இந்தப் பயணத்துக்கே ஒத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். அக்கூஸ்டிக் கிட்டார், மூங்கில் குழல், அக்கார்டியன், சின்னச் சின்னத் தாள வாத்தியம். குரலை எதுவும் அழுத்தவில்லை, அதனால் குரலும் கத்தவில்லை. பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி, கீழே, நிதானமாக, சொல்லைச் சொல்லாகப் பாடுகிறார். மெட்டு எங்கேயும் அவர் எட்ட முடியாத இடத்துக்குப் போவதில்லை, ஏனென்றால் தன்னிடம் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குள்ளேயே மெட்டைக் கட்டியிருக்கிறார். மிளகாய்ப் பாட்டு வந்தபோது ஆச்சி மாடிப்படியில் நின்று கேட்டார்கள். அந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டபோது எனக்கு வயது முப்பதுக்குள், "பழைய வேகம் இல்லையே" என்று ஒதுக்கி வைத்தேன். இன்று அந்த மெத்தை அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டபோது, இந்தக் குரலில் ஒரு குறையும் எனக்குக் கேட்கவில்லை. 1972-ஐ மனதில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் இது தேய்ந்த குரல். இந்தப் பாட்டுகளுக்கு இதுதான் சரியான குரல், 1972-இன் குரலை வைத்து இவற்றைப் பாடினால் கெட்டுவிடும்.

இதைச் சொன்னபோது கோவைக்காரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை, விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள், ஞாயிறு

ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வளவில் ஆச்சி காபி கலந்துகொண்டிருந்தார்கள். கொல்லைப் பக்கம் மயில் கத்தியது, அப்புறம் செம்போத்து, அப்புறம் எதுவென்று பிரிக்க முடியாத ஒரு கூட்டம். ஸ்பீக்கரைக் கீழே எடுத்துவந்து மிகக் குறைந்த ஒலியில் நேற்றைய ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் போட்டேன். விடியலில் பறவைகள் பேசுவதைப் பற்றிய பாட்டு அது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கூழாக்கிய அதே வளவு இந்தப் பாட்டை நன்றாக வாங்கிக்கொண்டது. ஒலி குறைவு, வாத்தியம் குறைவு, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடம் இருக்கிறது, அந்த இடத்தில் சுவர் பதில் சொன்னது. கோவைக்காரன் பல் தேய்க்காமலே வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

'ரூபிஸ் டான்ஸ்', 2003. முந்தையதன் தம்பி மாதிரி. காபிக் கடையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கிற பாட்டு ஒன்று இருக்கிறது, அது மட்டும் எனக்குப் போதும்.

அடுத்து 2012-இல் வந்த 'திக் ஆஸ் எ பிரிக் 2', முதலாவதற்கு நாற்பது வருடம் கழித்து. அதற்கடுத்து 2014-இல் வந்த 'ஹோமோ எராட்டிகஸ்'. இந்த இரண்டிலும் குரல் பெரும்பாலும் பேச்சுதான். எழுத்து கூர்மை, மெட்டு சில இடத்தில் வறட்சி. காரைக்குடிக்காரன் இரண்டாவதில் பாதியில் எழுந்து போய்விட்டான், எனக்கும் அது முழுதாக ஒட்டவில்லை. இந்தக் காலத்துக் கச்சேரிப் பயணங்களில் ஆண்டர்சன் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். 2012 கச்சேரிகளில் ரயன் ஓ'டானல் என்ற இளம் பாடகரை மேடையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உயரமான வரிகளை அவரைப் பாடவிட்டார். பிறகு 2015-இல் பின்னால் திரையில் பாடகர்கள் தோன்றிப் பாட, இவர் முன்னால் நின்று பதில் பாடுவது மாதிரியும் செய்தார். திரையில் பாட வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, கச்சேரியில் ரத்தமும் சதையுமாக ஆள் வேண்டும். ஆனால் இளைஞரைப் பக்கத்தில் நிறுத்தியது மரியாதையான காரியம். கோவைக்காரனுக்கு நேர்மாறு, பக்கத்தில் இன்னொருவர் பாடும்போதுதான் இழப்பு அதிகம் தெரிகிறது என்றான். ஆச்சியிடம் கேட்டோம். "எங்க வாத்தியாருக்குக் கடைசியில பின்பாட்டுப் பாடினது நான்தான். மேல் பஞ்சமத்துக்கு மேல நான் எடுத்துக்குவேன், அவுக தலையாட்டுவாக" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். மேடையில் அவர் இந்தத் தனிப் பாட்டுகளை இன்னும் அதிகம் பாட வேண்டும். 'லோகோமோட்டிவ் பிரெத்' என்ற அந்தப் பழைய ரயில் எஞ்சின் பாட்டு இல்லாமல் ரசிகர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்பது தெரியும், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் கத்தியிருப்பேன். ஆனாலும் ஒரு கச்சேரியில் பாதியாவது அந்தக் கீழ்க்குரல் பாட்டுகளைப் போட்டால், மூச்சு அறுகிற இடங்கள் குறையும், நாம் எதற்குக் காத்திருக்கிறோமோ அது வரும்.

மதியம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். ஆச்சி மூன்று பேருக்கும் தனித்தனிப் பொட்டலமாக மாவுருண்டை கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு இரவு ரயில், கோவைக்காரனுக்குச் சாயங்காலமே பஸ். காரைக்குடி பஸ் நிலையத்தில் அவன் பையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

"2000, 2003, ரெண்டும் இதுல போடு. கார்ல கேக்கணும்."

மடிக்கணினியைத் திறந்து, பஸ் கிளம்புவதற்குள் போட்டுக் கொடுத்தேன். படியில் ஏறியவன் திரும்பி, "ஆனா அந்தக் கச்சேரி வீடியோவை நான் இனிமே பார்க்க மாட்டேன், நீயும் அனுப்பாதே" என்றான். சரி என்றேன். பஸ் திருப்பத்தூர் ரோட்டில் திரும்பும் வரை நின்றுவிட்டு, ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்ததால், மறுபடி ஆச்சி வீட்டுக்கே போனேன்.